தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியை விட்டுவிடலாமா? (திருவையாற்றிலிருந்து ஒரு சியாட்டில் ரசிகன்)

#1 திருவையாறு51

வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. தீபாவளிக்கு மறுநாள் காலையிலிருந்து ஒன்று மனதைக் குடைகிறது. வீட்டில் சொன்னால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார்கள். அதனால் இங்கே கொட்டுகிறேன்.

நான் அமெரிக்க பேஸ்பாலில் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் ரசிகன். 2019 வரை எனக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அத்தை மகன் வேலைக்காக சியாட்டில் போயிருந்தான். அந்த வருஷம் மார்ச் 21, சாயங்காலம் டீ குடிக்கும் நேரத்தில் கூப்பிட்டான். "டோக்கியோவில எங்க டீம் ஆடுது. இச்சிரோவுக்கு இதான் கடைசி ஆட்டமாம், பாரு." அங்கே அப்போது விடிகாலை நாலு மணி. நாலு மணிக்கு முழித்திருந்து ஒருவன் கூப்பிடுகிறான் என்றால் ஏதோ இருக்கும் என்று பார்த்தேன். இச்சிரோவுக்கு வயது 45. எட்டாவது இன்னிங்ஸில் (ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று) அவரை வெளியே அழைத்தார்கள். சக ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். கிகுச்சி என்ற புது ஜப்பானிய பிட்சர் (பந்து எறிகிறவர்) குழந்தை மாதிரி அழுதார். விதி ஒன்றும் புரியாமல் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆட்டம் ஒன்பதில் முடியாமல் 12 இன்னிங்ஸ் போய் மரைனர்ஸ் 5-4 என்று ஜெயித்ததாம், அதைப் பிறகுதான் கவனித்தேன். என் பெயரில் இருக்கும் 51 அவருடைய எண்.

அப்புறம்தான் தெரிந்தது, வசமாக மாட்டிக்கொண்டேன் என்று. 1977இல் தொடங்கிய அணி. மொத்தம் இருக்கும் 30 அணிகளில் இறுதிப்போட்டியான வேர்ல்ட் சீரிஸுக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி இதுதான்.

இந்த வருஷம் (2025) போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். போவதற்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, டொரன்டோவில். அவர்களுக்கு அக்டோபர் 20 ராத்திரி, நமக்குத் தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை 5:38. வெளியே மழை, கையில் மீந்த முறுக்கு. ஜூலியோ ரொட்ரீகஸ் ஒன்று, கால் ராலி ஒன்று என்று ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்து வெளியே) அடித்து 3-1 முன்னிலை. இன்னும் 8 பேரை அவுட் ஆக்கினால் போதும். ஏழாவது இன்னிங்ஸில் பேஸில் இரண்டு பேர் நிற்க, டொரன்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் தூக்கி வெளியே அடித்தார். ஒரே அடியில் மூன்று ரன். 4-3. அதோடு முடிந்தது.

இப்போது கேள்வி. "போதும்டா, டாட்ஜர்ஸுக்கு மாறு, 2024, 2025 ரெண்டு வருஷமும் அவங்கதான் சாம்பியன்" என்கிறான் நண்பன். அத்தை மகனும் வேலை மாறி லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டான். சியாட்டிலில் எனக்கு இப்போது யாரும் இல்லை. அந்த ஊரை நான் பார்த்ததும் இல்லை. மாறினால் தப்பா?

#2 மன்னைவாசி

தம்பி, ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் முங்கிக் கிடக்கிறது, நீங்கள் சியாட்டிலுக்குக் கண்ணீர் விடுகிறீர்கள். நடக்கட்டும்.

எனக்கு ஒரே சந்தேகம். நான் சிஎஸ்கே ஆள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது: நம்ம ஊர், நம்ம பாஷை, மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சேப்பாக்கம் போய் வரலாம். பார்க்காத ஊர், பேசாத பாஷை, புரியாத ஆட்டம் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு ரசிகன் ஆவது? கல்யாண வீட்டில் யாரென்றே தெரியாத பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்காதா?

#3 கொடிக்கால்4மணி

மன்னை அண்ணே, 2025இல் சிஎஸ்கே கடைசி இடம். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் சில வருஷம் பாயசம் வராது.

நான் கும்பகோணம் பக்கம், வெற்றிலை விவசாயம். என் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2016 மகாமகத்தில் தெருவோரக் கடையில் ஒரு தொப்பி வாங்கினேன். என், ஒய் என்று இரண்டு எழுத்து ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும். நம்ம பக்கத்தில் பாதிப் பயல்கள் தலையில் அதுதான். கபடி ஆடுகிறவன் போடுகிறான், டிராக்டர் ஓட்டுகிறவன் போடுகிறான். ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒருவர் "நீங்க யாங்கீஸ் ஃபேனா?" என்று கேட்டார். அது நியூயார்க் யாங்கீஸ் அணியின் அடையாளமாம். சரி, தலையில் ஏறிவிட்டது, விடுவானேன் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எனக்கு நேரமும் பொருந்தியது. நியூயார்க்கில் ராத்திரி 7:05 ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை 4:35. கொடிக்காலுக்குக் கிளம்பும் நேரம். காதில் வானொலி வர்ணனையை மாட்டிக்கொண்டு வெற்றிலை கிள்ளினால், கவுளி கட்டி முடிக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸ். 27 முறை சாம்பியன் ஆன அணி (கடைசியாக 2009, அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்).

திருவையாறு தம்பிக்கு: மாறாதீர்கள். உங்கள் ஆள் ராலி இந்த வருஷம் 60 ஹோம் ரன் அடித்தார், கேட்சராக (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) இருப்பவர்களில் வேறு யாரும் 50ஐக்கூடத் தொட்டதில்லை. அப்படியும் எம்விபி (வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்) விருது எங்கள் ஆரன் ஜட்ஜுக்குத்தான், முதலிட ஓட்டு 17-க்கு 13. இதையெல்லாம் சொல்லிச் சீண்ட எனக்கு ஒரு மரைனர்ஸ் ஆள் வேண்டும்.

#4 திருவையாறு51

அண்ணே, அந்த ஓட்டைப் பற்றிப் பேசினால் இன்னொரு இழை தொடங்க வேண்டிவரும்.

மன்னை அண்ணனுக்குப் பதில். ஊர் பார்த்ததில்லை, உண்மைதான். ஆனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தினமும் காலையில் அந்த ஊருக்குப் போய்வருகிறேன். சியாட்டிலில் சாயங்காலம் 6:40 ஆட்டம் நமக்குக் காலை 7:10. அம்மா காபி ஆற்றும்போது தேசிய கீதம் பாடுவார்கள். அந்த நேரத்தில் சியாட்டிலில் வெயில் சாய்ந்து களத்தில் பாதி நிழல் விழுந்திருக்கும், அதுகூட எனக்குப் பழக்கம். அந்த மைதானத்துக்குக் கூரை உண்டு, ஆனால் பக்கவாட்டில் மூடாது. மழை வந்தால் குடை மாதிரி மேலே நகர்ந்து வந்து நிற்கும். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள், அது தனிக்கதை.

பழைய சின்னம் ஒன்று உண்டு: ஒரு திரிசூலம் கீழ்நோக்கி இருக்கும், பார்க்க எம் எழுத்து மாதிரி. அதை அம்மாவிடம் காட்டினேன். "சூலத்தைத் தலைகீழா வெச்சா எப்புடிடா வெளங்கும்" என்றார். அங்கே ரசிகர்களும் இதையேதான் சொல்கிறார்களாம், அந்தச் சின்னம் ராசியில்லை என்று. அம்மாவுக்கு பேஸ்பால் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், ஆனால் அது சரியாக இருக்கிறது. இப்போது ஹோம் ரன் அடித்தவர் கையில் நிஜமாகவே ஒரு சூலத்தைக் கொடுக்கிறார்கள், மேல்நோக்கித்தான்.

#5 நாகூர்க்கப்பல்

கப்பல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கூட வேலை பார்த்த ஒருவர் கோஷியென் மைதானத்துக்கு அழைத்துப் போனார். 1924இல் கட்டிய மைதானம், சுவரெல்லாம் கொடி படர்ந்திருக்கும். அங்கே ஆடும் ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் ரசிகர்கள் மாதிரி எங்கும் பார்த்ததில்லை. ஏழாவது இன்னிங்ஸில் ஆயிரக்கணக்கில் பலூனை ஊதி ஒரே நேரத்தில் விட்டார்கள், விசிலடித்துக்கொண்டே மேலே போயின. நம்ம நாகூர் கந்தூரிக் கொடியேற்றத்துக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது.

தம்பி 48 வருஷக் கணக்கு சொல்கிறார். டைகர்ஸ் கதையைக் கேளுங்கள். 1985இல் சாம்பியன். சந்தோஷத்தில் ரசிகர்கள் ஒசாகாவில் ஒரு கேஎஃப்சி கோழிக்கறிக் கடை வாசலில் இருந்த கர்னல் பொம்மையைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். தாடி வைத்திருந்த அவர்களுடைய அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் ஜாடையில் அது இருந்ததாம். அதற்குப் பிறகு அணி விளங்கவில்லை, கர்னல் சாபம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2009இல் ஆற்றைத் தோண்டும்போது பொம்மை கிடைத்தது. அப்படியும் அடுத்த பட்டம் 2023இல்தான். 38 வருஷம். என்னை அழைத்துப் போனவர் அதுவரை ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம்" என்றுதான் கடிதம் எழுதுவார்.

ஜப்பான் ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம்: அங்கே சாயங்காலம் 6 மணி நமக்குப் பகல் 2:30. ளுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் சரியாக இருக்கும்.

#6 கடைமுழுக்கு

மயிலாடுதுறையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். நானும் மரைனர்ஸ்தான் தம்பி, 2022இலிருந்து. இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை, சொல்ல என்ன இருந்தது.

2022 செப்டம்பர் 30 நினைவிருக்கிறதா? நமக்கு அக்டோபர் 1 காலை. 2001க்குப் பிறகு 21 வருஷமாக பிளேஆஃபுக்கே போகாத அணி. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், 1-1. மாற்று ஆட்டக்காரராக வந்த ராலி கடைசிப் பந்தை வெளியே அனுப்பினார். அந்த 21 வருஷத்தில் கும்பகோணத்தில் இரண்டு மகாமகம் வந்து போயிருக்கிறது, 2004இலும் 2016இலும். யூடியூபில் தற்செயலாக அந்த அடியைப் பார்த்தேன். கூட்டம் கத்தியதில் என் பையன் எழுந்துவிட்டான்.

மன்னைவாசி சார் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டார். நான் பிடித்துக்கொண்டது ஸ்கோர் எழுதுவதை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நிற்கும் இடத்தை வைத்து ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, அதற்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிற்கிறவர் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. 6 பிடித்து 4-க்கு எறிந்து, 4 அதை 3-க்கு எறிந்து இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3 என்று மூன்று எண். முழு ஆட்டமும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பத்து வருஷம் கழித்துப் பிரித்தாலும் எந்தப் பந்தில் என்ன நடந்தது என்று வாசிக்கலாம். வீட்டு வரவு செலவு நோட்டு எழுதுகிற மாதிரித்தான். கை எழுதினால் மனசு பதறாது.

இதற்கு வழிவகுத்தவர் ஹென்றி சாட்விக் என்பவர், 1824இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர். கிரிக்கெட் ஸ்கோர் பழக்கத்தைத்தான் பேஸ்பாலுக்குக் கொண்டுபோனார். ஆக மன்னை சார், நீங்கள் நினைக்கிற அளவு அந்நியப் பந்தி இல்லை.

#7 மன்னைவாசி

டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு அணிக்கு வருஷத்தில் 162 ஆட்டம் என்கிறார்களே, நிஜமா? ஐபிஎல்லில் லீக் ஆட்டம் 14. அதற்கே வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை.

#8 கடைமுழுக்கு

நிஜம்தான். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை, அனேகமாக தினமும். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஐபிஎல் மாதிரி பதறிக்கொண்டு பார்த்தால் மே மாதத்துக்குள் ரத்த அழுத்தம் வந்துவிடும். ஐபிஎல் தேர்த்திருவிழா. இது காலசந்திப் பூசை. பூசைக்குத் தினமும் யாரும் முழுசாக நிற்பதில்லை, மணிச் சத்தம் காதில் விழுந்தால் போதும்.

இந்த வருஷம் சாம்பியன் ஆன டாட்ஜர்ஸ் 93 ஜெயித்து 69 தோற்றார்கள். சாம்பியனுக்கே 69 தோல்வி! நாம் 90-72. வித்தியாசம் மூன்றே ஆட்டம். அடிக்கிறவர் கணக்கும் அப்படித்தான். இச்சிரோவின் வாழ்நாள் சராசரி .311. பத்துக்கு ஏழு தடவை வெறுங்கையோடு திரும்பிய மனிதருக்கு ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் சாதனையாளர் மன்றம்) ஓட்டில் 394-க்கு 393 பேர் கை தூக்கினார்கள். தூக்காத அந்த ஒருவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

#9 திருவையாறு51

அக்கா, நீங்கள் இத்தனை நாள் இருந்தும் தெரியாமல் போச்சே! அப்படியானால் டெட்ராய்ட்டோடு ஆடிய அந்த ஐந்தாவது ஆட்டம் பார்த்தீர்களா? அக்டோபர் 11, நமக்குப் புரட்டாசி நாலாவது சனிக்கிழமை. வீட்டில் எல்லாரும் ஒப்பிலியப்பன் கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறார்கள். 5:38க்கு ஆரம்பித்த ஆட்டம், எட்டரைக்குள் முடிந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கே முடிந்தது? 15 இன்னிங்ஸ்! டெட்ராய்ட்டின் ஸ்கூபல் 13 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து பயமுறுத்திவிட்டுப் போனார், அதற்குப் பிறகும் முடியவில்லை. "இன்னும் ஒரு இன்னிங்ஸ்தான்" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்பா செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். பொலாங்கோ அடித்து 3-2 என்று முடித்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. பெருமாள் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம், எப்படி என்று கேட்காதீர்கள்.

#10 கடைமுழுக்கு

பார்க்காமலா? நோட்டில் ஒரு பக்கத்துக்கு 12 கட்டம்தான் போட்டிருந்தேன். பக்கத்துத் தாளை ஒட்டி எழுதினேன். அரைப்பரீட்சை வினாத்தாள் தயாரிக்க வேண்டிய காலை அது.

#11 கொடிக்கால்4மணி

செப்டம்பரில் அங்கே ஒரு ரசிகர் செய்ததைக் கேள்விப்பட்டீர்களா? அணிக்குப் பிடித்த பீடை விலகட்டும் என்று இணையத்தில் ஒரு சூனியக்காரிக்குக் காசு கொடுத்து மந்திரம் போடச் சொன்னாராம். உடனே வரிசையாக 10 ஆட்டம் ஜெயித்து, 2001க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிவுப் பட்டமும் வாங்கினார்கள். நம்மிடம் கேட்டிருந்தால் திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்திருப்போம். கடைசியில் ஏழாவது இன்னிங்ஸில்தானே ஏழரை பிடித்தது.

#12 மன்னைவாசி

சரி, விதியை எனக்குப் புரிகிற மாதிரி யாராவது நாலு வரியில் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் படித்தும் எனக்கு 'பேஸ்' என்றால் என்னவென்று தெரியவில்லை.

#13 திருவையாறு51

கிட்டிப்புள் ஆடியிருக்கிறீர்கள்தானே? அடித்துவிட்டு ஓட வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைர வடிவத்தில் நாலு மூலை, அதுதான் பேஸ். நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். எறிகிறவர் 60 அடி 6 அங்குலத் தூரத்தில் ஒரு மேட்டில் நிற்பார். நம்ம பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி. ஏறக்குறைய அதே தூரம், ஆனால் பந்து தரையில் குத்தாமல் நேரே வரும், கையில் இருப்பது உருண்டைக் கட்டை. வீசித் தவறவிட்டாலோ, அடிக்க வேண்டிய பந்தைச் சும்மா விட்டாலோ அது ஸ்டிரைக்; மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி ஆடும். இப்படி ஒன்பது சுற்று.

கிரிக்கெட்காரனுக்குக் கஷ்டமாக இருப்பது ஒன்றுதான்: பின்பக்கம் அடித்தால் ரன் இல்லை. அழகாக லேட் கட் ஆடினால் அது ஃபவுல். எனக்கு இதைச் சகித்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனது.

#14 நாகூர்க்கப்பல்

இந்தியப் பையன்கள் இரண்டு பேரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை), தினேஷ் பட்டேல். ஒரு போட்டியில் தேர்வாகி 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் போட்டிக்கு முன் அவர்கள் பேஸ்பால் பந்தைத் தொட்டதுகூட இல்லை. கீழ்நிலை லீக்கோடு நின்றுவிட்டது. ரிங்கு அப்புறம் மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார்.

#15 பேராவூரணிப்பையன்

காலேஜ் படிக்கிறேன். பார்க்க ஆரம்பிக்கணும்னு ஆசை. காசு கட்டணுமா? எந்த டீம் எடுக்கலாம்?

#16 கொடிக்கால்4மணி

காசு கட்டாமலேயே தொடங்கலாம் தம்பி. லீக்கின் செயலியில் பந்துக்குப் பந்து நிலவரம் இலவசம், படம் போட்டே காட்டும். முடிந்த ஆட்டத்தின் சுருக்கம் பத்து நிமிஷத்தில் யூடியூபில் வந்துவிடும். பிடித்துப்போனால் முதலில் ஒலிபரப்புக்கு மட்டும் கட்டு, வீடியோவைவிட மலிவு. டேட்டாவும் தின்னாது, கரண்ட் போனாலும் ஓடும். உண்மையைச் சொன்னால் பேஸ்பாலைக் காதால் கேட்பதுதான் சுகம், பந்துக்கும் பந்துக்கும் நடுவே வர்ணனையாளர் ஊர்க்கதை பேசுவார்.

அணியை நேரத்தை வைத்து எடு. காலேஜ் போகிறவன் என்றால் கிழக்குக் கரை அணி. 4:35க்கு எழுந்தால் 7:30க்கு முடிந்துவிடும். சியாட்டிலை எடுத்தால் முதல் வகுப்பு போச்சு.

#17 கடைமுழுக்கு

நேரத்தை வைத்து எடுக்கலாம், தொப்பியை வைத்தும் எடுக்கலாம். ஜெயிப்பதை வைத்து மட்டும் எடுக்க வேண்டாம் தம்பி. அது ரேங்க் ஷீட்டைப் பார்த்து சிநேகிதம் பிடிக்கிற மாதிரி.

#18 மன்னைவாசி

திருவையாறு தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மாறலாமா, கூடாதா?

என்னைக் கேட்டால் மாறலாம். எழுதிக்கொடுத்தா ரசிகன் ஆனோம்? நம்பிக்கைத் துரோகம் அது இது என்று பெரிதாக்க ஒன்றுமில்லை. அந்த ஆட்டக்காரர்களே அதிகக் காசுக்கு அணி மாறுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத விசுவாசம் திருவையாற்றில் இருப்பவருக்கு எதற்கு?

#19 கொடிக்கால்4மணி

அண்ணே சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் நான் தொப்பியால் வந்தவன், என்னால் மாற முடியவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு அந்த ஆட்டக்காரர்கள் முக்கியமில்லை. கொடிக்காலில் இருட்டில் தனியாக நிற்கும்போது காதில் கேட்கிற அந்தச் சத்தம்தான். வேறு அணியின் வர்ணனையைப் போட்டுப் பார்த்தேன் ஒருநாள். யாரோ நம் வீட்டுக்குள் வந்து பேசுகிற மாதிரி இருந்தது, நிறுத்திவிட்டேன்.

#20 கடைமுழுக்கு

நேற்று முன்தினம் கார்த்திகை ஒன்று. எங்கள் ஊரில் முடவன் முழுக்கு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைக் காவிரியில் துலா ஸ்நானம். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. கால் நடக்காத ஒருவர் தத்தித் தத்தி வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துபோயிற்று. அவருக்காக இன்னொரு நாள் நீட்டித்துக் கொடுத்தாராம் மாயூரநாதர். ஆற்றங்கரையில் நிற்கும்போது எனக்கு ஸ்பிரிங்கர் அடித்த பந்துதான் ஞாபகம் வந்தது, பகவான் மன்னிக்கட்டும்.

அன்றைக்கே செய்தியும் வந்தது: ஜாஷ் நெய்லர் ஐந்து வருஷத்துக்கு நம்மோடு இருக்கக் கையெழுத்துப் போடுகிறார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த வருஷம் 30 பேஸ் திருடியவர் (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). மாறுவதானால் மாறிக்கொள்ளுங்கள் தம்பி, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நெய்லர் ஓடுவதை மட்டும் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

#21 திருவையாறு51

அக்கா, ஒன்று கேட்கிறேன். உங்களை மாதிரி அழகாக இல்லாவிட்டாலும் நானும் அந்த டொரன்டோ ஆட்டத்தை ஒரு நோட்டில் எழுதினேன். கடைசிக் கட்டம் மட்டும் காலி. ஜூலியோ ஸ்டிரைக் அவுட் ஆனார் என்று தெரியும், ஆனால் மூன்றாவது ஸ்டிரைக் வரும்போது நான் ஃபோனைக் கவிழ்த்துவிட்டேன். வீசித் தவறவிட்டால் ஆங்கில 'கே', வீசாமல் பார்த்துக்கொண்டு நின்றால் 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும், இல்லையா? எதைப் போடுவது?

#22 கடைமுழுக்கு

சொல்லமாட்டேன். நோட்டு உங்களுடையது, நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும். சுருக்கம் யூடியூபில் இருக்கிறது.

#23 மன்னைவாசி

டீச்சர் டீச்சர்தான்.

#24 திருவையாறு51

சரி அக்கா. இங்கே மழை, கரண்ட் இல்லை. ஃபோனில் 11 சதவீதம் இருக்கிறது. கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

#25 திருவையாறு51

எழுதியாச்சு.